நீல ஒளியை மறித்த ஹைட்ரஜன்

எல்.இ.டி. விளக்கை அணைத்துவிட்டு உற்றுப் பார்த்தால் உள்ளே மஞ்சள் புள்ளிகள் தெரிகின்றனவே, அவை என்ன என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கைப்பேசி டார்ச்சிலும் அந்த மஞ்சளைக் காணலாம். அது பாஸ்பர் பூச்சு. அதன் அடியிலுள்ள சில்லு உமிழ்வது நீல ஒளியை மட்டுமே. அதில் ஒரு பகுதியைப் பூச்சு உறிஞ்சி மஞ்சளாக வெளியிட, எஞ்சிய நீலமும் இந்த மஞ்சளும் கலந்து நமக்கு வெண்மையாகத் தெரிகின்றன.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது, பளிச்சென்ற நீலம் வர 1993 ஆயிற்று. இத்தனை தாமதத்துக்குக் காரணம் மின்சுற்று அன்று, பொருள். கேலியமும் நைட்ரஜனும் சேர்ந்த குறைகடத்தியான கேலியம் நைட்ரைடின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல்; அது பெரிதானால் ஒளி நீலத்தை நோக்கி நகரும்) 3.4 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் நீலத்துக்கு அது ஏற்றது என்று தெரிந்திருந்தும், அதை நல்ல படிகமாக வளர்க்க முடியவில்லை. நீலக்கல்லின் மீது வளர்த்தால், இரண்டின் அணு இடைவெளிகளும் சுமார் 16 சதவீதம் வேறுபடுவதால் படலம் சீராகப் படியாமல் விரிசல் விட்டது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகாசாக்கியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமானோவும், தாழ்ந்த வெப்பநிலையில் மெல்லிய அலுமினியம் நைட்ரைடு அடுக்கை இடையில் படியவைத்து 1986-இல் இதற்கு வழி கண்டார்கள்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் சலிக்காத பகுதி. எல்.இ.டி. ஒளிர, எலக்ட்ரான்கள் மிகுந்த என் (n) வகை, எலக்ட்ரான் இல்லாத காலியிடங்களான துளைகள் மிகுந்த பி (p) வகை என்ற இரண்டு அடுக்குகளும் வேண்டும்; எலக்ட்ரான் துளையில் விழும்போதுதான் ஒளி பிறக்கிறது. கேலியம் நைட்ரைடு இயல்பாகவே என் வகை. பி வகையாக்க மக்னீசியத்தைச் சேர்க்க வேண்டும். கேலியத்துக்கு இணைதிற எலக்ட்ரான்கள், அதாவது பிணைப்பில் பங்கேற்கும் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள், மூன்று, மக்னீசியத்துக்கு இரண்டு. ஆகவே மக்னீசியம் அமரும் இடந்தோறும் ஓர் எலக்ட்ரான் குறைந்து துளை உருவாக வேண்டும். மக்னீசியம் உள்ளே போனது; துளைகளைத்தான் காணவில்லை. இந்நிலையில், எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சிச் சோதிக்கும்போது துத்தநாகம் கலந்த படிகம் மேலும் மேலும் பிரகாசமாவதை அமானோ கவனித்தார். மக்னீசியம் கலந்த படிகத்துக்கும் அதையே செய்தபோது, 1989-இல் பி வகை கிடைத்தது.

ஏன் கிடைத்தது என்பது நிச்சியா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஷூஜி நகாமுரா 1992-இல் செய்த சோதனைகளில் துலங்கியது. படிகம் வளர அம்மோனியா வாயு தேவை. அது சிதையும்போது வரும் ஹைட்ரஜன் அணு மக்னீசியத்தை ஒட்டி அமர்ந்து, தன் எலக்ட்ரானைக் கொடுத்துத் துளையை அடைத்துவிடுகிறது. நைட்ரஜன் சூழலில் 700 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் ஹைட்ரஜன் விலகுகிறது, துளைகள் விடுபடுகின்றன. அதே படிகத்தை அம்மோனியாவில் சூடாக்கினால் மறுபடியும் மின்சாரம் கடத்தாததாக ஆகிவிடுகிறது! குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்க இதைவிடத் தெளிவான சோதனை வேண்டுமா? மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அகாசாக்கி இந்தப் பொருளில் இறங்கியது 1973-இல். பி வகையை எட்ட அவருக்குப் பதினாறு ஆண்டுகள் ஆயின. மூன்று ஆண்டுகளில் பயனைக் காட்டு என்று நிபந்தனை போட்டு நிதி வழங்கும் முறையில் இப்படி ஒரு பொருளறிவியலாளர் நிலைத்திருக்கவே முடியாது என்பது என் உறுதியான கருத்து.

உள்ளங்கைக்குள் அடங்கும் இன்றைய சார்ஜர்களிலும் கேலியம் நைட்ரைடு இருக்கிறது. அது உயர் மின்னழுத்தத்தைத் தாங்கும். சிலிக்கானைவிட விரைவாக இயங்கி அணையும். அதனால் உள்ளேயிருக்கும் மின்மாற்றியைச் சிறிதாக்க முடிகிறது. அந்தச் சில்லுகளைப் பெரும்பாலும் சிலிக்கான் தட்டின் மீது வளர்க்கிறார்கள். அங்கும் அணு இடைவெளி பொருந்துவதில்லை. அங்கும் முதலில் படியவைப்பது அலுமினியம் நைட்ரைடு அடுக்கைத்தான்.