டெலீட் வேறு, ஸ்பேம் வேறு

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். ஒருநாள் உரிமையாளர் கூப்பிட்டார். "பையர் மூணு மெயில் போட்டேங்கிறாரு, எனக்கு ஒண்ணுகூட வரலீங்களே!" சரக்கு வாங்குபவரான அந்தப் பையரின் பெயரைப் போட்டுத் தேடியும் பார்த்துவிட்டாராம். ஜிமெயிலில் சாதாரணத் தேடல், வேண்டாத மெயில்கள் போகும் ஸ்பேமையும் டெலீட் செய்தவை போகும் டிராஷையும் எட்டிப் பார்க்காது. ஸ்பேமைத் திறந்தேன், இரண்டு மெயில்கள் கிடந்தன. முதல் மெயில் வந்து 30 நாள் தாண்டியதால் தானாகவே அழிந்துவிட்டது. சாம்பிளில் செய்ய வேண்டிய திருத்தங்கள் அதில்தான் இருந்தன. பையரிடம் கூச்சப்பட்டுக்கொண்டே மறுபடி கேட்டு வாங்கினார்.

விசாரித்தால், புதிதாகச் சேர்ந்த பையன் இன்பாக்ஸைச் சுத்தம் செய்கிறேன் என்று பழைய மெயில்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, குப்பைத்தொட்டிப் படத்துக்குப் பதிலாகப் பக்கத்திலிருந்த ஆச்சரியக்குறியை அழுத்தியிருக்கிறான். "ரெண்டும் ஒண்ணுதானே சார், கண்ணுல இருந்து போயிடுது" என்றான். ஒன்றில்லை. டெலீட் செய்தால் அந்த மெயில் மட்டும் போகும். ஸ்பேம் என்று அழுத்தினால், இந்த மாதிரி மெயிலே குப்பைதான் என்று ஜிமெயிலுக்குப் பாடம் நடத்துகிறோம். தப்பான பாடத்தையும் அது படித்துக்கொள்ளும்.

சரிசெய்வது சுலபம். கிடைத்த மெயில்களைத் திறந்து 'ஸ்பேம் அல்ல' என்பதை அழுத்தினேன். அப்புறம் கம்ப்யூட்டரில் அமைப்புகளுக்குப் போய், பையரின் முழு முகவரிக்கு ஒரு ஃபில்டர் போட்டு, 'ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே' என்பதை டிக் செய்தேன். போன் ஆப்பில் இந்த வசதியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உரிமையாளருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நம்ம டொமைன், ஜிமெயில் டொமைன் எல்லாத்தையுமே அப்படிப் போட்டுடுங்க." டொமைன் என்பது மெயில் முகவரியில் @ குறிக்குப் பிறகு வரும் பகுதி. அதற்கு மட்டும் விலக்கு கொடுக்க நான் சம்மதிக்கவில்லை. மெயிலில் தெரியும் அனுப்புநர் முகவரி தபால் உறையில் எழுதும் விலாசம் மாதிரி, யார் பெயரையும் எழுதலாம். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற சோதனைகள்தான் அதன் உண்மையைப் பார்க்கின்றன. சொந்த டொமைனுக்கே விலக்கு கொடுத்தால், சோதனையில் தோற்றுப்போன மெயிலும் முதலாளி பெயரில் இன்பாக்ஸுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளக்கூடும்.

சந்தேகம் வந்தால் மெயிலின் மூன்று புள்ளியை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். ஆனால் அங்கே இந்தச் சோதனைகளுக்குப் பாஸ் என்று இருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. பையரின் டொமைனில் ஓர் எழுத்தை மாற்றிப் புதிதாக வாங்கியவனுக்கும் பாஸ்தான் வரும். பேங்க் கணக்கு மாறிவிட்டது என்று மெயில் வந்தால், அதிலுள்ள எண்ணுக்கு அல்ல, ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் பேசுங்கள்.

திங்கட்கிழமை காலையில் ஸ்பேமைத் திறந்து பார்ப்பது இப்போது அந்தப் பையனின் வேலை. போன வாரம் ஒரு கூரியர் ரசீதை மீட்டிருக்கிறான்.