மிராண்டா வாசிக்காவிட்டால் வழக்கு விழுந்துவிடுமா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் பகுதியில் குற்ற வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். இந்த மாதத்தில் நான்காவது ஆளாக ஒரு தம்பி வந்து உட்கார்ந்து அதையே சொன்னார்: "அக்கா, என்னைப் பிடித்த போலீஸ்காரர் மிராண்டா வாசிக்கவே இல்லை. கேஸ் நிற்காதுதானே?"

நிற்கும் தம்பி. நன்றாகவே நிற்கும். மிராண்டா என்பது, 'பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, வக்கீல் வைத்துக்கொள்ளலாம்' என்று போலீஸ் வாசிக்கும் எச்சரிக்கை.

டூசானிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் 93 மைல் வேகத்தில் வந்திருக்கிறார். நிறுத்திய அதிகாரி, "எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள், தெரியுமா?" என்று கேட்டதும், "95 இருக்கும் சார், மன்னிச்சிடுங்க" என்று தானாகவே சொல்லிவிட்டார். அரிசோனாவில் 85 மைலைத் தாண்டினால் அது வெறும் அபராதச் சீட்டு இல்லை, குற்ற வழக்கு. 30 நாள் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு.

மிராண்டா கதை இந்த பீனிக்ஸில் நடந்த கதைதான். 1963-இல் பீனிக்ஸ் போலீஸ் எர்னஸ்டோ மிராண்டாவைப் பிடித்து, சுமார் இரண்டு மணி நேரம் விசாரித்து, ஒப்புதல் வாக்குமூலம் எழுதி வாங்கியது. வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. 1966-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த எச்சரிக்கையைக் கட்டாயமாக்கி, அந்த வாக்குமூலத்தை வைத்து அவருக்குக் கிடைத்த தண்டனையை 5-4 என்ற கணக்கில் ரத்து செய்தது. பலருக்கும் கதை இதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் 1967-இல் மறுவிசாரணை நடந்தது. அந்த வாக்குமூலம் இல்லாமலே அரசுத் தரப்பு அவருக்குத் தண்டனை வாங்கிக்கொடுத்தது. மிராண்டாவுக்கே வழக்கு விழவில்லை, உங்களுக்கு எப்படி விழும்?

காவலில் வைத்து விசாரித்தால்தான் அந்த எச்சரிக்கை கட்டாயம். சாதாரணமாகச் சாலையோரத்தில் நிறுத்திக் கேட்பது அந்தக் கணக்கில் வராது என்று 1984-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாசிக்க வேண்டிய இடத்தில் வாசிக்காமல் விட்டால், நீங்கள் சொன்ன பதிலை உங்களுக்கு எதிரான சாட்சியமாக வைக்க முடியாது, அவ்வளவுதான். ரேடாரில் பதிவான வேகம் அப்படியே இருக்கும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? வண்டியை விட்டு இறங்காதீர்கள். நம் ஊரில் இறங்கிப் போய்ப் பேசுவது மரியாதை. இங்கே அதை மிரட்டலாக எடுத்துக்கொள்வார்கள். கைகள் ஸ்டியரிங் மேல் தெரியட்டும். லைசென்ஸ், பதிவுச் சான்று, இன்சூரன்ஸ் மூன்றையும் கொடுங்கள். பெயரை மறைக்காதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள். மற்றக் கேள்விகளுக்கு "பதில் சொல்ல விரும்பவில்லை" என்று பணிவாகச் சொன்னால் போதும். கைதான பிறகு சும்மா வாய் மூடியிருந்தால் மட்டும் போதாது. பேச விரும்பவில்லை, வக்கீல் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். போலீஸ் எழுதித் தரும் சீட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடுங்கள். அது நீதிமன்றத்துக்கு வருவேன் என்ற உறுதிமொழிதான், குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது.

அப்புறம், எந்த நீதிமன்றம் என்று சீட்டில் பாருங்கள். இங்கே போலீஸ் ஒரே துறை இல்லை. நகரப் போலீஸ், கவுன்டிக்கு (மாவட்டம் மாதிரி) ஷெரிஃப், நெடுஞ்சாலையில் மாநிலப் போலீஸான ட்ரூப்பர், பழங்குடி நிலத்தில் அவர்களுடைய போலீஸ் என்று தனித்தனி. நகரப் போலீஸ் கொடுத்த சீட்டு நகர நீதிமன்றத்துக்குப் போகும். ட்ரூப்பர் கொடுத்தது பெரும்பாலும் கவுன்டியின் கீழ் நீதிமன்றமான ஜஸ்டிஸ் கோர்ட்டுக்கு. இடம் மாறிப் போய் நின்று தேதியைத் தவறவிட்டால் பிடிவாரண்ட் வரும்.

கெஞ்சிக் கேட்கிறேன், அந்தத் தேதிக்கு முன்பே யாராவது ஒரு வக்கீலைப் பாருங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு பணத்தையும் கட்டிவிட்டு, விசா படிவத்தில் கைது, தண்டனை பற்றிய கேள்வியைப் பார்த்த பிறகு ஓடி வந்தால், என்னால் செய்ய முடிவது மிகக் குறைவு.