கேள்வியை அனுப்பாதீர்கள், பார்க்க அனுமதி கொடுங்கள்

போன மாதம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி என்னை அழைத்தது. பி.காம். உள்தேர்வில் வந்த டிரையல் பேலன்ஸ் கணக்கு, அதாவது பற்றும் வரவும் சமமாக வர வேண்டிய இருப்புப் பட்டியல், எப்படிப் போட்டாலும் டேலி ஆகவில்லை. மூலதனம் 1,50,000 என்று இருக்க வேண்டியது 1,05,000 என்று அச்சாகியிருந்தது. பிள்ளைகள் தப்பு தங்களுடையது என்று நினைத்து அடித்து அடித்து எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் 45,000 வித்தியாசத்தை, காரணம் தெரியும்வரை தற்காலிகமாக வைக்கும் அனாமத்துக் கணக்கில் போட்டுக் காட்டியிருந்தார். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று கணக்கெழுதுகிறவர்கள் உடனே சந்தேகப்படுவார்கள். தேர்வு அறையில் எல்லோருக்கும் அது தோன்றுமா?

கேள்வியை எழுதிய டீச்சர் அழாத குறையாகச் சொன்னார்: "தம்பி, அதை நான் போன வருஷமே திருத்திட்டேனே." திருத்தியிருந்தது உண்மைதான், ஆனால் அவருடைய மடிக்கணினியில். அச்சுக்குப் போனது வேறொரு மாஷிடம் (ஆசிரியரிடம்) கிடந்த பழைய வேர்டு கோப்பு.

கல்லூரிகளுக்கு வினாவங்கி மென்பொருள், அதாவது தேர்வுக் கேள்விகளைச் சேர்த்து வைக்கும் மென்பொருள், செய்து கொடுப்பது என் தொழில். கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்துகொண்டு இந்த மாதிரிக் கதையை இந்த ஆண்டில் மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

பகிர்வது என்றால் அனுப்புவது என்று நினைக்கிறார்கள். எல்லாம் கெடுவது இங்கேதான். ஒரு கோப்பை ஆறு பேருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து உங்களுக்கு ஏழு வினாவங்கிகள். ஒன்றில் செய்த திருத்தம் மற்ற ஆறுக்கும் தெரியாது. ஒருவர் 'இறுதி' என்று பெயர் வைப்பார், இன்னொருவர் 'இறுதி புதியது' என்று வைப்பார். தேதியைப் பார்த்துக்கொள்ளலாமே என்கிறார்கள். பதிவிறக்கிய நாளைத்தான் பெரும்பாலும் அந்தத் தேதி காட்டும், திருத்திய நாளை அல்ல. சரி, கூகுள் டிரைவில் போட்டுவிட்டோம் என்கிறார்கள். அங்கேயும் ஆளுக்கொரு நகல் இறக்கித் தங்கள் கணினியில்தானே வேலை செய்கிறார்கள்? கடவுச்சொல் போட்டிருக்கிறோம் என்கிறார்கள். அந்தக் கடவுச்சொல்லும் அதே குழுவில் அடுத்த செய்தியாக வந்து விழுகிறது.

கேள்வி ஓரிடத்தில் இருக்கட்டும், ஆட்கள் அங்கே வரட்டும். முழு வினாத்தாளைக் கோப்பாகச் சேமிக்காமல் ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியாகச் சேமிக்க வேண்டும். யார் எழுதினார், யார் சரிபார்த்தார், எந்தத் தேர்வில் வந்தது என்பதெல்லாம் அதனோடு ஒட்டியிருக்க வேண்டும். திருத்தினால் பழையது அழியவே கூடாது, புதிய பதிப்பாகச் சேர வேண்டும். மறுமதிப்பீடு கேட்டு ஒரு மாணவர் வந்தால், அவர் அன்று பார்த்த வாசகத்தை எடுத்துக் காட்டியாக வேண்டும் அல்லவா? இலவசமாகக் கிடைக்கும் மூடுல் என்ற இணையவழிக் கற்பித்தல் மென்பொருளில்கூட 4.0 பதிப்பிலிருந்து, அதாவது 2022 முதல், இந்த வசதி இருக்கிறது.

பகிராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கேரளத்தின் இந்த எல்லைப்புறத்தில் தமிழ்த் துறையில் இரண்டு மூன்று ஆசிரியர்களை வைத்துக்கொண்டு பருவத்துக்குப் பருவம் புதுக் கேள்வி எழுதுவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். நாலு கல்லூரிகள் சேர்ந்தால்தான் முடியும்.

அந்தத் தமிழ்க் கேள்விகளில் வேறொரு தொல்லை உண்டு. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பில் 'தமிழ்' என்ற சொல், ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி என்றுதான் உள்ளே கிடக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒன்றும் புரியாது, தேடினாலும் கிடைக்காது. தயவுசெய்து எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றிவிட்டு வங்கியில் ஏற்றுங்கள். யூனிகோடிலும் 'கொ'வின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. மலையாளத்தில் உயிர் சேராமல் தனித்து நிற்கும் மெய்களான சில்லெழுத்துகளுக்கு 2008இல் தனிக் குறியீடு வந்ததால் பழைய கோப்புகளிலும் இதே சிக்கல்தான். சேமிக்கும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத மென்பொருள், ஏற்கெனவே இருக்கும் கேள்வியைப் புதியது என்று நினைத்து மறுபடியும் சேர்த்துக்கொள்ளும். மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளே, இது நம் வேலை. ஆசிரியர்கள் தலையில் கட்டாதீர்கள்.

விடைகளின் வரிசையைக் கலைக்கப் போகிறீர்கள் என்றால் 'மேற்கண்ட அனைத்தும்' என்று எழுதவே எழுதாதீர்கள். அது முதல் விடையாக வந்து நிற்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். விடைக்குறிப்பைக் கேள்வியோடு ஒரே பக்கத்தில் வைக்காதீர்கள். துறைக்கெல்லாம் சேர்த்து ஒரே பயனர் பெயர் வேண்டவே வேண்டாம். கேள்வி கசிந்தால் யார் திறந்தார் என்று அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது? தேர்வுக்குத் தேர்ந்தெடுத்த கேள்வி, தேர்வு முடியும்வரை மற்றவர்கள் கண்ணில் படக்கூடாது. முடிந்ததும் தானாகத் திறந்துகொள்ளட்டும்.

வாங்கும் முன் விற்பவரிடம், "எங்கள் கேள்விகளை மொத்தமாக வெளியே எடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். கியூடிஐ அல்லது மூடுல் எக்ஸ்எம்எல் என்ற, மற்ற மென்பொருள்களும் படிக்கக்கூடிய வடிவில் பத்துக் கேள்விகளை உங்கள் கண் முன்னாலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மென்பொருள் வாங்கப் பணம் இல்லாத துறைகளும் இருக்கின்றன. டீச்சர்மாரே, மாஷ்மாரே, அடுத்த உள்தேர்வுக்கு முன்னால் ஒரே ஒரு மதியம் சேர்ந்து உட்காருங்கள். எந்தப் பிரதி சரியானது என்று முடிவு செய்து அதை ஒருவர் பொறுப்பில் வையுங்கள். மற்றதையெல்லாம் அவரவர் கணினியிலிருந்தும் கைபேசியிலிருந்தும் அன்றைக்கே அழித்துவிடுங்கள்.