விலையைக் கடைசியில் கேளுங்கள்

கீழ்மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டரம்மா போன வாரம் கேட்டார்: "ஆடிட்டர் சார், இன்டர்நெட் போன் போடலாம்னு இருக்கேன். எந்தக் கம்பெனி நல்லது?" கம்பெனி பெயரைச் சொல்வதைவிட நான் பட்ட பாட்டைச் சொல்வது உதவும் என்று தோன்றியது.

மதுரை சிம்மக்கல்லில் எங்கள் ஆபீஸ். பழைய காப்பர் லைனை எடுத்துவிட்டு ஃபைபரில் ஓடும் இன்டர்நெட் போனுக்கு மாறிய முதல் ஜூலை. வருமான வரி நெருக்கடி. மேலூரிலிருந்து அரிசி ஆலைக்காரர் கூப்பிட்டார். "சார், நீங்க பேசுறது விட்டு விட்டுக் கேக்குது." அவர் பேசுவது எனக்குத் தெளிவாகவே கேட்டது. கம்பெனிக்காரரை வரவழைத்துச் சத்தம் போட்டேன். அவர் ஸ்பீடு டெஸ்ட் போட்டு 100 எம்பிபிஎஸ் காட்டினார். அது இறங்கும் (டவுன்லோட்) வேகம். என் குரல் போவது ஏறும் (அப்லோட்) வழியில். அந்த வழியை அடைத்துக்கொண்டு எங்கள் ஜூனியர் பையன் ஸ்கேன் செய்த பில் கட்டுகளைக் கிளவுடில் ஏற்றிக்கொண்டிருந்தான்!

ஒரு அழைப்புக்கு 100 கேபிபிஎஸ்கூட (ஒரு எம்பிபிஎஸ்ஸில் பத்தில் ஒரு பங்கு) வேண்டாம், குரலை அனுப்பும் ஜி.711 முறையில் ஏறத்தாழ 87 போதும். ஆனால் அது தடையில்லாமல் போகவேண்டும். ஃபைல் அரை நிமிஷம் தாமதமாகப் போனால் யாருக்கும் தெரியாது. குரல் 150 மில்லிவிநாடிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் (ஐடியு) சொல்லும் அளவு. ரவுட்டரில் க்யூஓஎஸ் என்று ஒரு வசதி உண்டு. அதில் போனுக்கு முன்னுரிமை கொடுத்ததும் தொல்லை தீர்ந்தது. சத்தம் போட்டதற்கு அந்தக் கம்பெனிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்த அடி, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் விழுந்தது. காப்பர் லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். வீட்டில் கரண்ட் போனாலும் மணி அடிக்கும். ஃபைபரில் மின்சாரம் வராது. ஃபைபர் வந்து சேரும், சுவரில் மாட்டிய ஓஎன்டி பெட்டி, ரவுட்டர், போன் மூன்றுக்கும் யுபிஎஸ் வேண்டும். நாங்கள் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் கொடுத்திருந்தோம். வரும் அழைப்பை மொபைலுக்குத் திருப்பிவிடும் வசதி இருந்ததே என்பீர்கள். அதைப் போன் கருவியிலேயே வைத்திருந்தோம். கருவி செத்ததும் அதுவும் செத்தது. கம்பெனியின் சர்வரில் வைக்கச் சொல்லவேண்டும்.

எண் யார் பெயரில் இருக்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மொபைல் எண்ணைப்போல 0452 என்று தொடங்கும் மதுரை லேண்ட்லைன் எண்ணை வேறு கம்பெனிக்கு எடுத்துப்போக வழியில்லை. லெட்டர்ஹெட், போர்டு, விசிட்டிங் கார்டு எல்லாம் அந்த எண்ணோடு கட்டுண்டவை. உரிமம் இல்லாத மலிவுச் சேவை பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

நேற்று டாக்டரம்மாவிடம் விற்க வந்தவரோடு நானும் உட்கார்ந்தேன். எக்ஸ்ரே படங்களை ஏற்றவிட்டுக்கொண்டே பேசிப் பார்த்தோம். குரல் நன்றாகவே இருந்தது. பிறகு டெமோ போனின் கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டெமோ எண்ணை மறுபடி கூப்பிடச் சொன்னேன். டாக்டரம்மாவின் மொபைல் அடிக்கவில்லை. "சர்வர்ல போடணும் சார், நாளைக்குப் போட்டுட்டு வர்றேன்" என்றார். நாளைக்கே வாருங்கள் என்று அனுப்பிவைத்தார் டாக்டரம்மா.