பிள்ளை இல்லாதவர்களுக்குக் கப்பல் இல்லை என்று சொல்லாதீர்கள்

"அது குடும்பக் கப்பல். பிள்ளைகள் இல்லாமல் போனால் உங்களுக்குச் சரிவராது."

சிங்கப்பூரிலிருந்து மூன்று நாலு இரவு உல்லாசக் கப்பலில் போய்வர ஆசைப்பட்டு விசாரிப்பவர்களிடம் எங்கள் பயண முகவர் தொழிலில் இருப்பவர்களே இப்படிச் சொல்லி அனுப்புகிறார்கள். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், பிள்ளைகளைக் கனடாவில் விட்டுவிட்டுத் தனியே இருக்கும் பெற்றோர், குழந்தை இல்லாத தம்பதி, கல்யாணம் செய்யாத அக்கா தங்கை என்று எல்லாருக்கும் இதே பதில். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனதால்தான் எழுதுகிறோம்.

2023 ஜூனில் சென்னையிலிருந்து கொர்டேலியா கம்பனியின் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கு வரத் தொடங்கிய பிறகு மலையகத்திலும் கப்பல் பேச்சு கூடிவிட்டது. கூடவே தவறான எண்ணங்களும் கூடிவிட்டன. முதலில் அவற்றைத் தீர்ப்போம்.

எந்தக் குடும்பக் கப்பலிலும் "பிள்ளையோடு வந்தால்தான் இடம்" என்ற விதி இல்லை. இருப்பது வயது விதி மட்டும். ரொயல் கரீபியன் என்ற கப்பல் கம்பனியை எடுத்துக்கொண்டால், அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படும்போது பெற்றோர் இல்லாமல் பயணம் செய்ய 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஆசியாவில் 18 போதும். அதற்கு மேல் உங்கள் குடும்ப விபரத்தை யாரும் கேட்பதில்லை.

"பிள்ளை இல்லாவிட்டால் காசு கூட எடுப்பார்கள்" என்பதும் பிழை. கெபினின் விலை இருவர் தங்குவதை வைத்துப் போடப்படுகிறது. முதல் இருவர் முழுக் கட்டணம் கட்டுகிறார்கள். மூன்றாவது, நான்காவது ஆளாகப் பிள்ளைகள் வந்தால் அவர்களுக்குக் குறைவு, சில காலங்களில் இலவசம். உங்களுக்குப் பக்கத்துக் கெபினில் இருக்கும் தாய் தகப்பனும் நீங்களும் கட்டுவது ஏறக்குறைய ஒரே தொகைதான். தனியாகப் போகிறவருக்குத்தான் உண்மையில் பாரம், ஏனென்றால் பெரும்பாலும் இரண்டு பேரின் கட்டணத்தையும் அவரே கட்ட வேண்டிவரும். ரொயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்களில் ஒருவருக்கான சிறிய கெபின்கள் சில உண்டு. எண்ணிக்கை குறைவு, சீக்கிரம் போய்விடும். தனியாள் என்றால் முதலில் அதைக் கேளுங்கள்.

மூன்றாவது எண்ணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அதுதான் ஆட்களைத் தடுக்கிறது: "எல்லாரும் பிள்ளை குட்டியோடு வந்திருக்கும் இடத்தில் நாம் மட்டும் எப்படி நிற்பது? எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் என்ன சொல்வது?" கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி நொந்தவர்களுக்கு அந்தப் பயம் வருவதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கப்பல் அப்படிப்பட்ட இடமில்லை. நாலாயிரம் பேருக்கு மேல் ஏறும் கப்பலில் உங்களை அறிந்தவர் எவருமில்லை. பிள்ளைகளோடு வந்தவர்கள் காலையில் அவர்களைக் குளிக்கவைத்து, சாப்பாடு கொடுத்து, சறுக்குக்கு ஓடி, மத்தியானம் தூங்கவைப்பதற்குள் களைத்துப்போகிறார்கள். உங்களை நிறுத்தி வைத்து விசாரிக்க அவர்களுக்கு நேரம் கிடையாது. சாப்பாட்டு மண்டபத்தில் மற்றவர்களோடு மேசையைப் பகிர்வதுதான் சங்கடம் என்றால், இருவருக்கான தனி மேசை வேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். அந்தச் சங்கடத்துக்கு இருந்த ஒரே இடமும் அதோடு அடைபட்டுவிடும். குழந்தை இல்லாத தம்பதிக்கு "சரிவராது" என்று சொல்லும் முகவர்களே, அந்தச் சொல் அவர்களை எங்கே தைக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தயவுசெய்து இனிச் சொல்லாதீர்கள்.

பெரியவர்களுக்கு அங்கே இடமே இல்லை என்பதும் உண்மையில்லை. பிள்ளைகளுக்கென்றே பெயர்போன டிஸ்னி கப்பல்களில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் தனி நீச்சல் தடாகப் பகுதி இருக்கிறது, பாலோ என்ற தனி உணவகம் இருக்கிறது, பஹாமாஸில் அவர்களுடைய தீவில் தனிக் கடற்கரையே இருக்கிறது. சூதாட்ட அறை கிடையாது. அதை விரும்பாத மூத்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ரொயல் கரீபியன் கப்பல்களில் சோலாரியம் என்ற பகுதிக்குள் 16 வயதுக்குக் குறைந்தவர்களை விடமாட்டார்கள். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய அவர்களுடைய ஐகொன் ஒஃப் த சீஸ் கப்பலில் சிறு பிள்ளைக் குடும்பங்களுக்கு ஒரு பகுதியும் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு தடாகமும் தனித்தனியாகக் கட்டியிருக்கிறார்கள். மாலை ஏழு மணிக்குப் பிறகு, பிள்ளைகளை விளையாடவைத்துப் பார்த்துக்கொள்ளும் சிறுவர் கழகம் பத்து மணிவரை கட்டணமில்லாமல் நடப்பதால், அந்த நேரத்தில் மேல்தளங்கள் தாமாகவே அமைதியாகிவிடும்.

அப்படியானால் சிலர் "இரைச்சல் தாங்கவில்லை" என்று திரும்பி வருவது ஏன்? பெரும்பாலும் திகதியால்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் கிரகரி வாவிப் பக்கம் கால் வைக்க இடமில்லை என்பதால் நுவரெலியாவே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை, வேறு மாதத்தில் போகிறோம். கப்பலும் அப்படித்தான். சிங்கப்பூர் பாடசாலைகளுக்கு மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நாலு வாரம், செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு வாரம், நவம்பர் நடுப்பகுதியிலிருந்து வருட முடிவுவரை விடுமுறை. தென்னிந்தியப் பாடசாலைகள் ஏப்ரல், மே மாதங்களில் மூடியிருக்கும். அங்கிருந்து வரும் குடும்பங்களால் சிங்கப்பூர்க் கப்பல்கள் நிரம்பிவிடும். நம் நாட்டு ஆசிரியர்களோ தங்களுக்கும் விடுமுறை என்பதால் சரியாக ஏப்ரலிலும் டிசம்பரிலும்தான் கேட்கிறார்கள்! ஓய்வுபெற்றவர்களுக்கு அந்தக் கட்டாயமே இல்லை. ஜனவரி நடுப்பகுதியிலிருந்து சீனப் புத்தாண்டுக்கு முன்புவரை, ஜூலை, பிறகு தீபாவளி வாரத்தைத் தவிர்த்து ஒக்டோபர். இவற்றில் ஒன்றைப் பாருங்கள். "பிள்ளைகளுக்கு இலவசம்" என்று விளம்பரம் வரும் திகதிகளில் உங்களுக்கு ஒரு சதமும் குறையாது, கப்பலில் பிள்ளைகள் மட்டும் கூடும். வார இறுதியைத் தொடாத பயணம் கிடைத்தால் இன்னும் நல்லது.

காலநிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிசம்பர் முதல் பெப்ரவரிவரை வடகீழ்ப் பருவக்காற்றால் வியட்நாம் பக்கக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் மலாக்கா நீரிணை வழியே பினாங்கு, புக்கெட் போகும் பயணம் சுகமானது. மே முதல் ஒக்டோபர்வரை புக்கெட் கரையில் அலை எழும். கப்பல் நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆட்களை இறக்கும் இடமென்றால் இறக்கம் ரத்தாகவும் கூடும். கடுகண்ணாவ வளைவிலேயே வாந்தி எடுப்பவர்கள் டொக்டரிடம் மாத்திரை கேட்டு வாங்கி, தலை சுற்றத் தொடங்கும் முன்பே போட வேண்டும். சுற்றத் தொடங்கிய பிறகு போட்டால் அவ்வளவாகப் பலன் இருக்காது.

அடுத்தது கெபின். இங்கேதான் மலிவைப் பார்த்து ஏமாறுகிறார்கள். "எந்தக் கெபின் என்று நாங்களே ஒதுக்குவோம்" என்ற விலை நாற்பது, ஐம்பது டொலர் குறைவாக இருக்கும். அதில் உங்களுக்குக் கிடைப்பது எஞ்சியிருக்கும் இடம். தளப் படத்தைத் திறந்து நாலு விடயம் பாருங்கள். நேர் மேலே நீச்சல் தடாகத் தளம் இருக்கக் கூடாது, விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். சிறுவர் கழகத்துக்கும் மின்தூக்கிக்கும் ஒட்டியதாக இருக்கக் கூடாது. கப்பலின் நடுப்பகுதி, கீழ்த் தளம் என்றால் ஆட்டம் குறைவு. நாலாவதுதான் முக்கியம். சில கெபின்களுக்கு இடையில் உள்கதவு இருக்கும், படத்தில் அதற்குத் தனிக் குறி உண்டு. பெரிய குடும்பங்கள் அடுத்தடுத்த இரண்டு கெபின்களை எடுப்பதற்காக வைத்தது அது. நீங்கள் அதில் ஒன்றை எடுத்தால் அந்தப் பூட்டிய கதவு வழியாகப் பக்கத்துப் பிள்ளையின் அழுகை உங்கள் தலையணைவரை வரும். வருகிற முறைப்பாடுகளில் பலவற்றுக்கு இந்தக் கதவுதான் காரணம் என்று தயங்காமல் சொல்லலாம்.

காசு மிச்சம் பிடிக்க நாலு பெரியவர்கள் ஒரே கெபினில் போவதும் வேண்டாம். மூன்றாவது, நான்காவது படுக்கை பெரும்பாலும் கூரையிலிருந்து இறங்குவது, ஏணியில் ஏற வேண்டும். அது பிள்ளைகளுக்காகச் செய்தது. அறுபத்தைந்து வயது முழங்காலோடு இரவில் இரண்டு தடவை அதில் ஏறி இறங்க முடியாது. குளியலறையும் ஒன்றுதான்.

சாப்பாட்டில் முதல் பந்தி மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். சிறு பிள்ளைகள் எல்லாரும் அதில்தான். எட்டு மணிக்குப் பிந்திய இரண்டாவது பந்தியைக் கேளுங்கள். மரக்கறி உணவு, ஹலால் உணவு வேண்டியவர்கள் பதிவு செய்யும்போதே எழுத வேண்டும், கப்பலேறிய பிறகு கேட்டால் சமையலறையால் முழுதாகச் சமாளிக்க ஏலாது. துறைமுகத்தில் நிற்கும் நாளில் குடும்பங்கள் ஊர் பார்க்க இறங்கிவிடும். முன்பே பார்த்த ஊர் என்றால் நீங்கள் கப்பலிலேயே இருங்கள். தடாகம், வெந்நீர்த் தொட்டி எல்லாம் காலியாகக் கிடக்கும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கப்பல்களில் வயிற்றோட்டம் பரப்பும் நோரோ வைரஸுக்கு வாசலில் வைத்திருக்கும் ஜெல் சரியாக வேலை செய்யாது.

ஒரு விடயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிறர் பிள்ளைகளைத் தூக்காதீர்கள். கன்னத்தைக் கிள்ளாதீர்கள். சொக்லட் கொடுக்காதீர்கள். போட்டோ எடுத்து பேஸ்புக்கில் போடவே போடாதீர்கள். நம் ஊரில் இது பாசம். அங்கே பெற்றோர் பாதுகாப்பு அதிகாரியை அழைப்பார்கள், அது உங்கள் பயணத்தையே கெடுத்துவிடும். சிறுவர் கழகத்துக்குள் எட்டிப் பார்ப்பதும் வேண்டாம். ஆண்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள்.

இவ்வளவு செய்தும் பிள்ளைச் சத்தமே ஆகாது என்பவர்கள் குடும்பக் கப்பலை விட்டுவிடலாம். அவர்களுக்கு வைகிங் கம்பனியின் கப்பல்கள் பொருந்தும், அவற்றில் 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றுவதில்லை. பி அன்ட் ஓ கம்பனியின் ஆர்கேடியா, அரோரா இரண்டும் அப்படியே. லண்டனில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் துறைமுகத்திலிருந்து ஏறுவது வசதி. வேர்ஜின் வொயேஜஸும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான். ஆனால் அதில் இரவு விருந்தும் ஆட்டமும் அதிகம், அமைதி தேடும் ஓய்வுபெற்ற தம்பதிக்கு அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

மற்றவை சுருக்கமாக. இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூரில் குறுகிய தங்கலுக்கு விசா தேவையில்லை. பினாங்கிலோ போர்ட் கிளாங்கிலோ நிற்கும் கப்பலென்றால் மலேசிய விசா முன்கூட்டியே வேண்டும், இல்லாவிட்டால் கப்பலேறும் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்புவார்கள். சிங்கப்பூர் வருகைப் படிவம் இலவசம். விமானத்தில் இறங்கும்போது ஒரு தடவை, கப்பலில் திரும்பி வரும்போது இன்னொரு தடவை நிரப்ப வேண்டும். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும், பெயரை அதில் உள்ளபடியே எழுதுங்கள். கர்ப்பிணிகளை 24 ஆவது வாரம் தொடங்கிவிட்டால் ஏற்றமாட்டார்கள், அந்தக் கணக்கு பயணத்தின் கடைசி நாளுக்கும் பொருந்தும். ஊழியர்களுக்கான டிப்ஸ் ஒருவருக்கு ஒரு நாளைக்கு சுமார் 16 முதல் 20 அமெரிக்க டொலர் தனியாகச் சேரும். மருத்துவக் காப்புறுதி இல்லாமல் ஏறாதீர்கள், கப்பல் வைத்தியரின் கட்டணம் பெரிது.

கப்பல் புறப்படும் நாளில் சிங்கப்பூர் போய்ச் சேரும் விமானத்தை எடுக்காதீர்கள். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகப் பாதைகள் என்ன ஆயின என்று பார்த்தோம். மழை மாதங்களில் ஒரு நாள் முன்பே கட்டுநாயக்க பக்கம் இறங்கித் தங்குங்கள், சிங்கப்பூரில் இன்னொரு இரவு தங்குங்கள். புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி முன்பே கப்பலேறுவதற்கான பதிவை மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு கப்பல் யாருக்கும் நிற்காது.

கெபின் இலக்கம், உள்கதவு இல்லை என்பது, இரண்டாவது பந்தி, இருவருக்கான மேசை, மீதிக் காசு கட்ட வேண்டிய கடைசி நாள் ஆகியவற்றை முகவரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே முற்பணம் கட்டுங்கள்.