பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பச் சொன்னால்

ஏற்காட்டு எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, திங்கட்கிழமை மனு நாளில் சேலம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தார். மஞ்சப்பைக்குள் ரேஷன் கார்டு, மகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். மகள் திருநங்கை; மார்க் ஷீட்டில் இருந்தது பையன் பெயர். “ஊர்ல என் புள்ளைய வெளிய அனுப்பச் சொல்றாங்க. அனுப்பித்தான் ஆகணுமா?” என்று கேட்டார்.

வேண்டியதே இல்லை. திருநர் என்றால் திருநங்கை, திருநம்பி (பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவர்) போன்றவர்கள். 2019-ல் வந்த திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 12-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. பெற்றோர் இருக்கும் வீட்டில் திருநங்கையோ திருநம்பியோ சேர்ந்து வாழலாம். அந்த வீட்டின் வசதிகளையும் மற்றவர்களைப் போலவே பயன்படுத்தலாம். பின்கட்டில் தனியாகப் படு, தனித் தட்டில் சாப்பிடு என்று ஒதுக்கி வைக்க முடியாது. சிறு பிள்ளை என்றால், திருநர் என்ற ஒரே காரணத்துக்காகக் கோர்ட் உத்தரவில்லாமல் பெற்றோரிடமிருந்து பிரிக்கவும் கூடாது.

வீட்டையோ ஊரையோ விட்டுப் போகும்படி கட்டாயப்படுத்தினால் 18-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. துரத்துவது ஊர்ப் பெரியவர் ஆனாலும் சரி, பெற்ற அப்பா ஆனாலும் சரி.

ஒருபாலீர்ப்பு உள்ள, அதாவது தன் பாலினத்தவரையே விரும்பும் பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்குக் கைகொடுப்பது சென்னை உயர்நீதிமன்றம். வயதுக்கு வந்த இருவர் விருப்பப்பட்டுச் சேர்ந்து வாழ்வது விசாரணையில் தெரிந்தால், வீட்டார் கொடுத்த ‘காணவில்லை’ புகாரைப் போலீஸ் தொந்தரவு செய்யாமல் முடித்துவிட வேண்டும் என்று 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். குடும்பம் அமையக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று 2025 மே மாதம் அதே நீதிமன்றம் சொன்னது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ‘வைத்தியம் பார்த்து மாத்திடலாம்’ என்பவரிடம் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இது நோயில்லை. அப்படி மாற்ற முயலும் டாக்டர் தொழில் ஒழுங்கை மீறியவர் ஆவார் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே அறிவித்துவிட்டது.

சரி, வக்கீலுக்கு எங்கே போவது? சேலம் அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில், இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. அதனால் அந்த அம்மா தன் பெயரிலேயே மனு கொடுத்து இலவசமாக வக்கீல் கேட்கலாம். இதைச் சொன்னதும் ரேஷன் கார்டு ஜெராக்ஸின் பின்பக்கம் அந்த எண்ணைப் பெரிதாக எழுதித் தரச் சொன்னார்.