வெனியூ: வழக்கு எந்த ஊரில்?

கல்யாண மண்டபத்துக்கும் கிரிக்கெட் மைதானத்துக்கும் நாம் சொல்கிற ‘வெனியூ’, அமெரிக்கக் குற்றவியல் சட்டத்தில் ஓர் உரிமையின் பெயர். எந்த ஊர் ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) ஒருவரை விசாரிக்கலாம் என்பதே அங்கே வெனியூ. ஒருவர் மீது இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் ஃபெடரல் வழக்கு, அதாவது மத்திய அரசின் வழக்கு, நடப்பதும் இதனால்தான்.

இலத்தீனில் ‘வெனீரே’ என்றால் வருதல். பழைய பிரெஞ்சில் ‘வெனியூ’ என்றால் வருகை. இங்கிலாந்தில் குற்றம் நடந்த அக்கம்பக்கத்திலிருந்து ஜூரிகளை வரவழைத்தார்கள். அவர்கள் வரவேண்டிய இடத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. (நம் ‘வா’வோடு இதற்கு உறவு கொண்டாட வேண்டாம்.)

குற்றம் சாட்டி மக்களைக் கடல் கடந்து விசாரணைக்கு அனுப்புகிறார் என்பது, 1776 விடுதலைப் பிரகடனம் பிரிட்டிஷ் மன்னர் மீது அடுக்கிய புகார்களில் ஒன்று. எனவே, குற்றம் நடந்த மாநிலத்திலேயே விசாரணை என்று அரசியலமைப்பில் எழுதினார்கள். 1791-இல் ஆறாவது திருத்தம் அதை ‘மாநிலமும் மாவட்டமும்’ என்று இறுக்கியது. ஃபெடரல் மாவட்டங்கள் இன்று 94. நம் வருவாய் மாவட்டத்தோடு குழப்பக் கூடாது: நியூயார்க் மாநிலம் முழுவதற்கும் நான்குதான்.

டிரம்ப்பின் 2016 தேர்தல் பிரசாரத் தலைவராக இருந்த பால் மனஃபோர்ட் வழக்கில் இது நன்றாகத் தெரியும். அவர் மீது வாஷிங்டன் டி.சி.யில் ஏற்கெனவே வழக்கு இருந்தது. (டி.சி. மாநிலமல்ல, ஆனால் தனி ஃபெடரல் மாவட்டம்.) வரி, வங்கி மோசடிக் குற்றச்சாட்டுகளின் வெனியூ பக்கத்து வர்ஜீனியா. அவர் சம்மதித்திருந்தால் எல்லாவற்றையும் டி.சி.யிலேயே நடத்தியிருக்கலாம், சம்மதிக்கவில்லை. 2018 பிப்ரவரியில் வர்ஜீனியாவில் இரண்டாம் வழக்கு பதிவானது. ஆகஸ்டில் அங்கே 18 குற்றச்சாட்டுகளில் எட்டில் குற்றவாளி என்று தீர்ப்பு. செப்டம்பரில் டி.சி.யில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

2019 மார்ச்சில் வர்ஜீனியா நீதிமன்றம் 47 மாதச் சிறை விதித்தது. ஒரு வாரத்துக்குள் டி.சி. 73 மாதம் விதித்து, அதில் 30 மாதத்தை மட்டும் முதல் தண்டனையோடு ஏககாலத்தில் கழிக்கலாம் என்றது. ஆக 47-உம் 43-உம் சேர்ந்து 90 மாதம். இரண்டாவது நீதிபதி இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? வெவ்வேறு நாளில் விதித்த ஃபெடரல் தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே ஓடும். வழக்கறிஞர் கேட்க மறக்கக் கூடாத இடம் இது. (2020 டிசம்பரில் மனஃபோர்டுக்கு அதிபரின் பொதுமன்னிப்பு கிடைத்தது.)

‘இரண்டு மாநிலங்கள் வழக்குப் போட்டன’ என்று இதை எழுதினால் தவறு. வழக்குப் போட்டது ஒரே அரசு, அமெரிக்க ஐக்கிய நாடு. ஆகவே ஒரே குற்றத்துக்கு இரு மாவட்டங்களில் தண்டிக்க முடியாது. குற்றங்கள் வேறு வேறாக இருக்க வேண்டும். மாநில அரசும் ஃபெடரல் அரசும் தனித்தனியே வழக்குப் போட்டால் இந்தத் தடை பொருந்தாது.

இரு ஊர் அலைச்சலைத் தவிர்க்க ஃபெடரல் குற்றவியல் நடைமுறை விதிகளில் 20-ஆம் விதி உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்ள விரும்புவதாகவும், வழக்கு நிலுவையில் உள்ள மாவட்டத்தில் விசாரணை பெறும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகவும் குற்றம்சாட்டப்பட்டவர் எழுத்தில் தர வேண்டும். இரு மாவட்ட அரசு வழக்கறிஞர்களும் எழுத்தில் ஏற்க வேண்டும். வழக்கு அவர் இருக்கும் மாவட்டத்துக்கு வந்துவிடும். வந்தபின் ‘குற்றம் செய்யவில்லை’ என்று மாறினால் கோப்பு பழைய ஊருக்கே திரும்பும். ஆனால் அந்த எழுத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. 70 நாளில் விசாரணை தொடங்க வேண்டும் என்ற கெடுவும் இங்கே பெரிதாக உதவாது: மற்ற வழக்கின் விசாரணையால் ஏற்படும் தாமதத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெனியூ தவறினால் தீர்ப்பு கவிழும், ஆனால் விடுதலை இல்லை. சரியான இடத்தில் மறுபடி விசாரிக்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வெனியூவுக்குத் தமிழில் என்ன சொல்வது? ‘அதிகார வரம்பு’, இலங்கையில் சொல்லும் ‘நியாயாதிக்கம்’, இரண்டும் வேறு கருத்துக்கு உரியவை: அந்த வகை வழக்கை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்பதற்கு. அதை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது; வெனியூவைக் குற்றம்சாட்டப்பட்டவர் விட்டுக்கொடுக்கலாம். ‘விசாரணை இடம்’ என்றால் காவல் நிலையமும் நினைவுக்கு வரும், போலீஸ் செய்வதும் நம்மிடம் விசாரணைதானே. ‘வழக்கிடம்’ சுருக்கமாக, குழப்பமின்றி நிற்கிறது: ‘வழக்கிடம் தவறு என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது’, ‘வழக்கிட மாற்றம் கோரி மனு’.